பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

இந்த அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கும் முன், வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு காலைத் தூக்கி மறு தொடையின்மேல் போட்டு, உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். தோல் எங்கே மஞ்சளாகத் தடித்துக் காய்த்திருக்கிறது? பெருவிரலின் அடியிலா, சுண்டுவிரல் ஓரத்திலா, குதிகாலின் விளிம்பிலா? உடம்பின் எடையும் செருப்பின் உராய்வும் கூடுதலாக விழும் இடம் அதுதான். சம்மணம் போட்டே வேலை செய்பவர்களுக்குக் கணுக்கால் எலும்பின் மேலும் புறங்காலிலும் காய்ப்பு இருக்கும். நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் குதிகாலில் இருக்கும்.

பாதத் தொல்லைகளில் பெரும்பாலானவை அழுத்தத்தால் வருபவை, ஈரத்தால் வருபவை, வறட்சியால் வருபவை. தொல்லை வந்ததும் நாம் பிளேடைத் தேடுகிறோம், மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புகிறோம். அந்தத் தோலை அப்படி ஆக்கியது எது என்று பார்ப்பதில்லை. செருப்பு மாறாமல் கால் ஆணி மட்டும் போகாது. விரலிடுக்கு காயாமல் சேற்றுப்புண் ஆறாது. இவை தவிர இன்னொரு வகை உண்டு. அது வலிக்கவே வலிக்காது. அத்தியாயத்தின் நீண்ட பகுதியை அதற்காகத்தான் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் வலிப்பவற்றைப் பார்த்துவிடுவோம்.

பித்தவெடிப்பு

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பிகளோ கிடையாது. உடம்பின் மற்ற இடங்களில் தோல் தனக்குத் தானே பூசிக்கொள்ளும் எண்ணெய்ப் பசை இங்கே இல்லை. குதிகாலுக்குள் ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. நிற்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கும். பின்பக்கம் திறந்த செருப்போ வெறுங்காலோ அதைத் தாங்கிப் பிடிக்காது. விளிம்பில் காய்ந்து தடித்த தோல் அந்தப் பிதுக்கத்துக்கு ஈடுகொடுத்து விரியாமல் பிளந்துகொள்கிறது. துணி துவைக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு இருக்கும் கொஞ்சப் பசையும் போய்விடுவதால் வெடிப்பு ஆழமாக விழும். பெயரில் பித்தம் இருக்கிறதே என்று சாப்பாட்டை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வேலை நடக்க வேண்டிய இடம் குதிகால்தான்.

இரவில் படுக்கப் போகும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் காலை வையுங்கள். ஊறிய தோலைப் பியூமிஸ் கல்லாலோ சொரசொரப்பான காலுரசியாலோ ஒரே திசையில் மெல்லத் தேயுங்கள். ஒரே நாளில் குதிகாலைக் குழந்தையின் கன்னம்போல ஆக்க நினைக்க வேண்டாம். அதிகம் தேய்த்தால் தோல் முன்பைவிடத் தடிப்பாக வளரும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதாகக் காயும் முன் கிரீம் தடவுங்கள். யூரியா 10 முதல் 25 சதவீதம் வரை கலந்த கிரீம்கள் மருந்துக்கடையில் கிடைக்கும். யூரியா தண்ணீரைத் தோலுக்குள் பிடித்து வைக்கும், தடித்த தோலையும் இளக்கும். அது இல்லையென்றால் வாசலினோ விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். காய்ந்த காலில் எண்ணெய் தடவுவதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். எண்ணெய் தண்ணீரைத் தராது, இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். அதனால் ஈரக்காலில் தடவி, மேலே பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். ஒரு வாரத்தில் வேறுபாடு தெரியும். நிறுத்தினால் திரும்ப வரும். பல் துலக்குவதைப்போல இதையும் பழக்கமாக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சேராங்கொட்டையைச் சுட்டு அதன் பாலை வெடிப்பில் வைக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பால் தோலைப் பொத்துக் கொப்புளமாக்கிவிடும்.

ஒழுங்காகக் கவனித்தும் வெடிப்பு ஆறவில்லை, உள்ளங்கையிலும் தோல் உரிகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சொரியாசிஸாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் தோல் இப்படி வறளும்.

ஆணியா, மருவா?

கால் ஆணி என்று நாம் சொல்வது ஆணியும் அல்ல, அதற்கு வேரும் கிடையாது. ஒரே புள்ளியில் மாதக்கணக்கில் அழுத்தம் விழுந்தால், அங்கே தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும். அந்தத் தடிப்பு கூம்புபோல உள்நோக்கி வளர்ந்து, முனை நரம்பைக் குத்தும்போது செருப்பில் ஏதோ குத்துவதுபோல வலிக்கிறது. அதனால்தான் ‘வேரோடு தோண்டி எடுத்துவிட்டேன்’ என்று சொன்னவருக்கும் ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வருகிறது. அழுத்தம் மாறவில்லையே.

மருவும் உள்ளங்காலில் இதேபோலத் தடித்துத்தான் இருக்கும். ஆனால் அது வைரஸால் வருவது, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவது. பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. விரலால் நேராக மேலிருந்து அழுத்தும்போது அதிகம் வலித்தால் ஆணி. இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளும்போது அதிகம் வலித்தால் மரு. மருவின் மேல்தோலைச் சற்றுத் தேய்த்துப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும். பாதத்தின் ரேகைகள் அதன் ஓரத்தோடு நின்றுவிடும். ஆணியின் மேல் ரேகைகள் தொடர்ந்து ஓடும்.

ஆணிக்கு முதல் மருந்து செருப்பை மாற்றுவது. முன்பக்கம் குறுகிய ஷூ, தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த செருப்பு, கல்லாய்க் கெட்டியான அடி இவற்றை விட்டுவிட்டு, மெத்தென்ற அடி கொண்டதைப் போடுங்கள். நடுவில் ஓட்டை விட்ட வளையம்போன்ற ஃபெல்ட் பட்டை கிடைக்கும். ஆணி ஓட்டைக்குள் வருமாறு ஒட்டினால் எடை சுற்றுப்புறத்தில் விழும். வாரம் இரண்டு மூன்று முறை ஊறவைத்துத் தேயுங்கள். சாலிசிலிக் அமிலம் தடவிய ஆணி பிளாஸ்டர்கள் தடித்த தோலை இளக்கும். ஆனால் அந்த அமிலத்துக்கு ஆணித் தோல் எது, நல்ல தோல் எது என்று தெரியாது. ஆணியின் அளவுக்கே வெட்டி ஒட்ட வேண்டும், சுற்றிலும் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. எருக்கம்பாலும் அப்படித்தான், அது தோலை வேகவைத்துவிடும். சவரப் பிளேடால் சீவுவதையும் விட்டுவிடுங்கள்.

மரு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே மறைந்துவிடும். வலியில்லை என்றால் பொறுத்திருக்கலாம். வலித்தால் சாலிசிலிக் அமிலத் திரவத்தை மூன்று மாதம் விடாமல் தடவ வேண்டும். அல்லது தோல் மருத்துவர் உறையவைத்து அகற்றுவார்.

சேற்றுப்புண்

நடவு நேரத்தில் வயலில் நிற்பவர்களுக்கு வந்ததால் இந்தப் பெயர். இன்று சேற்றில் கால் வைக்காதவர்களுக்கும் வருகிறது. நாள் முழுக்க ஷூ போட்டிருக்கும் காவலாளிகள், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள், மீன் சந்தையில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே உள்ள இடுக்குதான் மிகக் குறுகியது, காற்றுப் புகாதது. பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். தோல் வெளுத்து ஊறி, உரிந்து, அரித்து, நாற்றமெடுக்கும். பூஞ்சை உள்ளே குடியேறும், அதன் பின்னால் பாக்டீரியாவும் வரும்.

மருந்தைவிட முக்கியம், ஒவ்வொரு இடுக்கையும் துணியால் துடைத்துக் காயவைப்பது. குளித்துவிட்டு உடம்பெல்லாம் துவட்டுகிறவர்கள் கால்விரல் இடுக்கை விட்டுவிடுகிறார்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றைக் காலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முகம் துடைக்கும் துண்டால் துடைத்தால் பூஞ்சை வேறு இடத்துக்கும் போகும். வயலில் இருப்பவர்கள் மதியம் கரையேறிச் சாப்பிடும்போது நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, அரை மணி நேரம் வெயில் படும்படி நீட்டி உட்கார்ந்தாலே பாதி குறையும். ஷூ போடுபவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். காலுறையைத் தினமும் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

க்ளோட்ரிமசோல் கிரீமைக் காய்ந்த தோலில் நாளுக்கு இரண்டு வேளை, அரிப்பு நின்ற பின்னும் இரண்டு வாரம் தொடர்ந்து தடவ வேண்டும். நான்காம் நாள் அரிப்பு நின்றதும் குழாயைப் பரணில் போட்டுவிடுவதுதான் இது மீண்டும் மீண்டும் வரக் காரணம். மருதாணி, மஞ்சள் பற்று போடுபவர்கள் போடலாம். ஆனால் ஈரப் பற்றை விரலிடுக்கில் அப்பி மூடி வைத்தால் அதுவே புதிய சேறாகிவிடும்.

மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு கிரீம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் ஆண்டிபயாடிக்கையும் கலந்த கிரீம்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை ஒரே நாளில் அடக்கும். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடும். புண் மறைந்ததுபோலிருந்து இரட்டிப்பாகப் பரவும். இந்தியாவில் படர்தாமரை இன்று சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாமல் போனதற்கு இந்தக் கலப்புக் கிரீம்களின் தவறான பயன்பாட்டையும் ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். குழாயின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெதசோன், க்ளோபெட்டாசால் என்ற பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு விரலிடுக்குப் புண் சின்ன விஷயமே அல்ல. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்துதான் குளிர்க்காய்ச்சலும் கால் சிவந்து வீங்குவதும் வருகின்றன; ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் கூடும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்புகளையும் இடுக்குகளையும் துடைத்து உலர்த்துவதே அவர்களுக்கு முதல் வைத்தியம்.

காலையில் முதல் அடி வைக்கும்போது

படுக்கையிலிருந்து எழுந்து தரையில் கால் ஊன்றியதும் குதிகாலில் கத்தி பாய்ந்ததுபோல வலி. நாலு அடி சுவரைப் பிடித்து நடந்தால் குறைகிறது. மாலையில், வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறது. சித்த மருத்துவத்தில் குதிகால் வாதம் என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் வளைவைத் தாங்கி ஓடும் ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. அது எலும்போடு சேரும் இடத்தில் ஏற்படும் சேதம்தான் இந்த வலி. இரவெல்லாம் சுருங்கிக் கிடந்த பட்டை முதல் அடியில் திடீரென இழுபடுவதால் காலையில் கொடுமையாக இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்துக் ‘குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த எலும்பு முனை இருக்கும். அதை வெட்டி எடுக்க வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை.

இந்த வலி நாற்பதைக் கடந்தவர்களையும், உடம்பு கனத்தவர்களையும், கெட்டித் தரையில் மணிக்கணக்கில் நிற்பவர்களையும் தேடி வரும். நம் வீடுகளில் மண் தரையும் சாணம் மெழுகிய தரையும் போய் டைல்ஸும் கிரானைட்டும் வந்துவிட்டன; வெறுங்காலோடு நடக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. சமையலறையில் தினமும் நாலைந்து மணி நேரம் நிற்கும் பெண்களுக்கு வீட்டுக்குள் மெத்தென்ற செருப்புப் போடச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். பூஜையறைக்குப் போகும்போது கழற்றிவிட்டுப் போங்கள், மற்ற நேரத்தில் போடுங்கள். வீட்டுக்கென்றே தனி ஜோடி இருக்கட்டும்.

ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றே விற்கும் பெண்களின் காலைப் பற்றி யாரும் வெகுகாலம் பேசவில்லை. கேரளம் 2018-ல் சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கு நடுவே உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று ஆக்கினார்கள். நீங்கள் கடை நடத்துபவராக இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் நாற்காலி போட்டிருக்கிறதா, அதில் உட்கார உங்கள் ஆட்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

வலிக்குச் சிறந்த மருந்து காசில்லாதது. காலையில் கண் விழித்ததும் கீழே இறங்காதீர்கள். படுக்கையிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கி இழுங்கள். உள்ளங்காலில் நரம்புபோல ஒரு பட்டை விறைத்து நிற்பது மறு கைவிரலுக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இதோடு கெண்டைக்காலையும் இழுத்துவிட வேண்டும். சுவரில் இரு கையையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். அரை நிமிடம் நில்லுங்கள். மாலையில், ஐஸாக உறையவைத்த தண்ணீர் பாட்டிலின்மேல் மெல்லிய துணி சுற்றி உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டுங்கள். வலி ஒரு வாரத்தில் போகாது. மாதக்கணக்கில் ஆகும், ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். அதற்குள் பொறுமையிழந்து மூன்று மருத்துவரிடம் மூன்று ஊசி போட்டுக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை கிழிந்துபோகும் ஆபத்து உண்டு.

செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை அழுத்தும் வைத்தியம் நம்மிடையே நெடுநாளாக இருக்கிறது. சூடு இதமாகத்தான் இருக்கும். கையை வைத்துப் பொறுக்கக்கூடிய சூடா என்று பார்த்துச் செய்பவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் சர்க்கரை நோய் உள்ள ஒருவர்கூடச் செய்யக் கூடாது.

பெருவிரல் மூட்டு நள்ளிரவில் திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போவதுபோல வலித்தால் அது வேறு. யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வாதமாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள்.

நகமும் முள்ளும்

கால் நகத்தைக் கைவிரல் நகம்போல வளைத்து வெட்டாதீர்கள். நேர்கோட்டில், சதையை ஒட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்டி வெட்டினால், மிஞ்சிய நகத்துணுக்கு வளரும்போது ஈட்டிபோலச் சதைக்குள் இறங்கும். தொடக்கத்தில் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நகத்தின் ஓரத்துக்கு அடியில் சின்னப் பஞ்சுத் திரியைச் செருகி வந்தால் சரியாகிவிடும். சீழ் வைத்துவிட்டால் மருத்துவர் மரக்கவைத்து அந்த ஓர நகத்தை மட்டும் எடுத்துவிடுவார். பத்து நிமிட வேலை.

முள், ஆணி, கண்ணாடி குத்தினால் மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். முள் குத்தி மாதங்கள் கழித்து அந்த இடம் வலியில்லாமல் கெட்டியாக வீங்கி, சிறு துளைகள் விழுந்து, அவற்றிலிருந்து கடுகுபோலக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ குருணை வெளிவந்தால் அது சாதாரணப் புண் அல்ல. மருத்துவ உலகம் இதை மதுரைப் பாதம் என்றே அழைக்கிறது. 1842-ல் கில் என்ற மருத்துவர் மதுரையில் கண்டு எழுதியதால் வந்த பெயர் அது. மண்ணில் இருக்கும் பூஞ்சையோ பாக்டீரியாவோ முள்வழியாக உள்ளே போய் எலும்புவரை தின்னும். வலிக்கவில்லை என்று வயல் வேலையைத் தொடர்பவர்கள்தான் இதில் காலை இழக்கிறார்கள்.

சிமென்ட் கலவையில் வெறுங்காலோடு நிற்கும் சித்தாள்களுக்கும் ஒரு வார்த்தை. ஈரச் சிமென்ட் காரமானது. மெதுவாகத் தோலை எரிக்கும், எரிச்சல் தெரியும்போது ஆழமாகப் புண்ணாகியிருக்கும். கம்பூட் போடுங்கள். பட்டுவிட்டால் வேலை முடியட்டும் என்று காத்திராமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வலிக்காத கால்

என் அப்பாவுக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை. ஒருநாள் மாலை வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றியபோது அம்மாதான் காலுறையில் ரத்தத்தைப் பார்த்தார். ஷூவைக் கவிழ்த்தால் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து அந்தப் பொத்தான்மேல் நடந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. ‘வலிக்கலையே, நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று மஞ்சளை வைத்துக் கட்டினோம். மூன்று வாரத்தில் இரண்டாம் விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மஞ்சளை வைத்தவன் நான்தான். இன்று எனக்குத் தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் என்ற நினைப்பில்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

சர்க்கரை பல ஆண்டு கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். ரத்தக் குழாய்களும் சுருங்கும். முன்னது காயத்தைத் தெரியவிடாது, பின்னது ஆறவிடாது. வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று நம் வேலூர். 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். உணர்ச்சி இல்லாததால் சூட்டிலும் காயத்திலும் தேய்ந்து அழிகின்றன. இரவில் தூங்கும்போது எலி கடித்ததுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த நோயாளிகளுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் பயன்படுத்தப்பட்ட மென்மையான ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இருக்கிறது.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி இலேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மருத்துவமனையில் 10 கிராம் நைலான் இழையாலும் இசைக்கவையாலும் இதைத் திட்டமாகச் சோதிப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை அளவைப் பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள்.

தினமும் இரவில் இரண்டு பாதத்தையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை குறைந்தவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். எங்கள் வீட்டில் பார்த்துச் சொன்னது என் மகள். சிவப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம், விரலிடுக்கில் ஈரம், காய்ப்புக்கு அடியில் கருமை இவை எதுவானாலும் செய்திதான். கழுவித் துடைத்து, விரலிடுக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கிரீம் தடவுங்கள். காலை வெகுநேரம் ஊறவைக்க வேண்டாம். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். ஷூவுக்குள் கால் விடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். குளியலறைக்குக்கூட வெறுங்காலோடு போகாதீர்கள். விரலிடுக்கில் வார் மாட்டும் ஹவாய் செருப்பு வேண்டாம். உணர்ச்சியில்லாத காலிலிருந்து அது கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்பக்கம் பட்டை வைத்ததாக வாங்குங்கள். கொசுவர்த்திச் சுருள், இருசக்கர வண்டியின் சைலன்சர், பழைய பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடி இவையெல்லாம் தெரியாமலே காலைச் சுட்டவை.

கோயிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சித்திரை வெயிலில் நண்பகல் பிரகாரக் கல்லில் ஒருமுறை சுற்றி வந்தால், மரத்த காலில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் எழும். சுற்றியவருக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை தெரியாது. சாமி காலையிலும் இருக்கிறார், மாலையிலும் இருக்கிறார். வெயிலுக்கு முன் போய் வாருங்கள். விரித்திருக்கும் நார்ப்பாயை விட்டு இறங்காதீர்கள், தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் நல்ல ஷூவோடு நடக்கட்டும், இரண்டு மணிக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும். தீமிதி வேண்டுதலை வேறு வேண்டுதலாக மாற்றிக்கொள்ளுங்கள். அம்மன் பிள்ளையின் காலைக் கேட்கமாட்டாள்.

புண் வந்துவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், காபித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். அந்தக் காலை ஊன்றி நடக்காதீர்கள்; மருந்து எவ்வளவு நல்லதானாலும் எடை விழும் புண் ஆறாது. விரல் கறுத்தாலோ, சிவப்பு மேலேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ இரவானாலும் காத்திராதீர்கள். இன்னொன்று: காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, மறு பாதத்தைவிடத் தொட்டால் சூடாக இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். உடனே நடப்பதை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

செருப்பு வாங்குவதும் மருத்துவரிடம் போவதும்

செருப்பை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை, பெரிய காலுக்குப் பொருந்துவதை எடுங்கள். நின்றபடி போட்டுப் பார்க்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். ‘போடப் போடத் தளர்ந்துடும்’ என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். முதல் நாளே இதமாக இருப்பதுதான் உங்கள் செருப்பு. மரத்த கால் உள்ளவர் இதத்தை நம்பவும் முடியாது. ஒரு காகிதத்தில் பாதத்தை வைத்து விளிம்பு வரைந்து வெட்டி, அதைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். புதிதை முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றியதும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கால் வலிக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மரியாதைக்கென்று புதுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அன்றாடம் போடும் பழையதையே போட்டுச் செல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கழற்றிக் கவிழ்த்துக் காட்டுங்கள். குதிகாலின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, எந்த விரலின் பள்ளம் ஆழமாக விழுந்திருக்கிறது என்று அவர் பார்க்கட்டும்.